ஆட்டுவித்தவர்

உதைபந்தாட்டத்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவது அன்பர் சிலர்க்கு வியப்பைத் தரக்கூடும். விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் என்னைப் பணித்தபோது, சங்கச் செய்யுளொன்றின் நயத்தையோ சமயக்குரவர் ஒருவரின் வரலாற்றையோ யான் எடுத்துக்கொள்வேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். அத்துறைகளில் என்னினும் வல்ல பழைய மாணவர் பலர் நம்மிடையே உளர். ஆதலின் அவற்றை அவர்கள்பால் விடுத்து, ஸ்கொத்லாந்து நாட்டுச் சுரங்கத் தொழிலாளியாயிருந்த ஒருவரின் வரலாற்றை யான் எடுத்துக்கொண்டேன். ஜொக் ஸ்டீன் என்பது அவர் பெயர். 1922ஆம் ஆண்டு பிறந்து 1985ஆம் ஆண்டு மறைந்த அவர், பின்காப்பாளராக ஆடிப் பின்னர் முகாமையாளராகி, பிரித்தானியக் கழகங்களுள் முதன்முதலாக ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியை ஆக்கியவர்.

இவரை யான் தெரிந்தெடுத்தமைக்கு என் தொழிலே காரணம். யான் ஆசிரிய கலாசாலையில் ஈராண்டு பயின்று பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றவன், பட்டதாரி அல்லேன். துறைபோகிய புலமை இல்லாதவன் நல்லாசிரியனாதல் கூடுமோ என்னும் வினா என் தொழில் வாழ்வு முழுதும் என்னுடனேயே நடந்து வருகின்றது. நன்னூலார் ஆசிரியராகத் தகாதாரைக் கூறுமிடத்து மடற்பனையை ஓர் உவமையாக வைத்தார். கருக்கு மட்டை நீங்காத பனையில் ஏறிக் காய் பறிக்க ஒருவராலும் இயலாது. தானாக விழுந்தாலன்றி அதன் பயன் பிறர்க்கு இல்லை. பனைநாட்டவராகிய நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. பேராட்டக்காரர் பலர் பயிற்றுநராகியபோது மடற்பனையாய் நின்றதை உதைபந்தாட்ட உலகம் கண்டிருக்கின்றது. ஸ்டீன் பேராட்டக்காரர் அல்லர். அவர் கதை அங்கேதான் தொடங்குகின்றது.

லனார்க்சயர் மாகாணத்தில் ஹமில்ரன் நகரை அடுத்த பேர்ன்பாங் என்னும் சிற்றூரில், 1922ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆந் திகதி, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பள்ளியை விட்டதும் சிறிது காலம் கம்பளத் தொழிற்சாலையில் வேலை செய்து, பதினைந்து பதினாறு வயதளவில் நிலக்கரிச் சுரங்கத்துள் இறங்கினார். ஏறத்தாழ இருபத்தேழு வயதுவரை அவருக்குச் சோறிட்டது சுரங்கமே. உலகப்போர்க் காலத்தில் நிலக்கரி நாட்டுக்கு இன்றியமையாததாயிருந்தமையால், அத்தொழிலாளர் படைக்கு அழைக்கப்படாது சுரங்கத்திலேயே நிறுத்தப்பட்டனர். பக்கத்தில் நிற்பவனின் கவனக்குறைவு தன் உயிரைக் கொள்ளும், தன் கவனக்குறைவு அவன் உயிரைக் கொள்ளும் என்பதைப் பூமிக்கடியில் எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஸ்டீன் பின்னாளில் எத்துணைப் புகழ் எய்திய போதும், சுரங்கத்தில் தம்முடன் உழைத்தவர்களினும் மேலான மனிதரைத் தாம் கண்டதில்லை என்றே சொல்லிவந்தார். மன்செஸ்ரர் யுனைற்றெட்டை வளர்த்த மற் பஸ்பியும், லிவர்பூலை உயர்த்திய பில் சாங்க்லியும் இதே மேற்கு ஸ்கொத்லாந்துச் சுரங்க ஊர்களிற் பிறந்து, இளமையிற் சுரங்கத்துள் இறங்கியவர்களே. மூவரும் முன்னணியில் நின்று கோல் அடித்துப் பெயர் பெற்றவர் அல்லர். பின்னணியிலும் இடையணியிலும் நின்றவர்.

1942ஆம் ஆண்டில் அல்பியன் ரோவேர்ஸ் என்னும் சிறு கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. வாரநாளிற் சுரங்கம், சனிக்கிழமையில் உதைபந்து என எட்டாண்டுகள் கழிந்தன. அக்கழகம் 1948ஆம் ஆண்டு முதற் பிரிவுக்கு ஏறி, அடுத்த ஆண்டே மீண்டும் இறங்கியது. 1950ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டின் லனெல்லி என்னும் ஊரின் கழகத்திற் சேர்ந்தபோதுதான் உதைபந்தாட்டம் அவருக்கு முழுநேரத் தொழிலாயிற்று. அது பேரணிகள் ஆடும் லீக்கிற் சேராத கழகம். மனைவியும் மகளும் ஊரை விட்டு வந்து தவித்தனர். ஹமில்ரனில் விட்டுவந்த வீடு இருமுறை களவு போயிற்று. ஆட்டத்தை விட்டுச் சுரங்கத்துக்கே திரும்பலாம் என அவர் எண்ணியிருந்த வேளையில், 1951ஆம் ஆண்டு டிசெம்பரில், கிளாஸ்கோ நகரின் செல்ற்றிக் கழகம் 1,200 பவுண் கொடுத்து அவரை அழைத்தது. அவரைப் பரிந்துரைத்தவர் இரண்டாம் அணியின் பயிற்றுநராயிருந்த ஜிம்மி கிறிபென் என்னும் முதியவர். இளைஞர்களுடன் இரண்டாம் அணியில் ஆடி அவர்களுக்கு வழிகாட்டட்டும் என்பதே கழகத்தின் நோக்கம். முதலணிப் பின்காப்பாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் காயமுற, இருபத்தொன்பது வயதான இவர் முதலணிக்கு வந்தார், வந்தவர் போகவில்லை.

ஆட்டக்காரர் என்ற வகையில் அவரை மிகைப்படுத்திப் புகழ்வதற்கில்லை. இடக்காலையே பெரிதும் நம்பியவர், விரைவு குறைந்தவர், ஸ்கொத்லாந்து தேசிய அணிக்கு ஒருநாளும் தெரிவு செய்யப்படாதவர். 1954ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து லீக் அணிக்காக ஒரேயொரு முறை ஆடினார். அன்று இங்கிலாந்து லீக் அணி நான்கு கோல்களால் வென்றது. எனினும் நடுப் பின்காப்பாளன் நிற்கும் இடத்துக்கு ஒரு சிறப்புண்டு. யானும் இக்கல்லூரியில் மாணவனாயிருந்த நாளில் இரண்டாம் அணியிற் பின்காப்பாளனாக நின்றவன் ஆதலின் இதனைச் சற்று அறிவேன். முன்னணியில் ஓடுபவன் பந்தையும் கோற்கம்பத்தையும் காண்கின்றான். பின்னே நிற்பவனுக்கோ தன் அணியினர் பதின்மரில் ஒன்பதின்மரின் முதுகுகளும் எதிரணியினர் பதினொருவரின் முகங்களும் ஒருங்கே தெரிகின்றன. எவன் களைத்தான், எவன் அஞ்சுகின்றான், எங்கே இடைவெளி விழுகின்றது என்பவற்றை அவன் அறியாதிருக்க முடியாது. வகுப்பறையில் மேசைக்குப் பின்னால் நிற்பவனின் நிலையும் ஏறக்குறைய இதுவே. விரைவு குறைந்த ஸ்டீன் ஓடிப் பிடிக்க வேண்டாதபடி முன்கூட்டியே நின்று பழகினார். அணியினரைக் கூவிக் கூவி நிறுத்தினார்.

அவர் செல்ற்றிக்கிற் சேர்ந்ததற்கு வேறொரு விலையும் கொடுத்தார். கிளாஸ்கோ நகரில் உதைபந்துக் கழகம் என்பது சமயக் கொடியுமாகும். செல்ற்றிக் கழகம் 1887ஆம் ஆண்டு, அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கரின் பசி தீர்க்கப் பொருள் திரட்டும் நோக்குடன் தொடங்கப்பட்டது. ரேஞ்சேர்ஸ் கழகம் புரட்டஸ்தாந்தரின் கழகம் எனப் பெயர் பெற்றது. ஸ்டீன் புரட்டஸ்தாந்துக் குடும்பத்தவர். தந்தையார் ரேஞ்சேர்ஸ் பற்றாளர். மகன் பச்சை வெள்ளைச் சட்டை அணிந்த நாள்முதல், இளமைத் தோழர் சிலர் அவருடன் பேசுவதையே நிறுத்திவிட்டனர். பின்னாளில் உலகம் புகழ்ந்தபோதும் அவர்களுட் சிலர் திரும்பி வரவில்லை. அவர் இதனைப் பொதுவிற் பேசி இரக்கம் தேடியவர் அல்லர்.

நிற்க. அணித்தலைவர் சோன் பலனின் கை முறிந்தபோது தலைமை ஸ்டீனிடம் வந்தது. 1953ஆம் ஆண்டு, எலிசபெத் அரசியாரின் முடிசூட்டை ஒட்டி நடந்த கிண்ணப் போட்டியில் ஆர்சனல், மன்செஸ்ரர் யுனைற்றெட், ஹிபேர்ணியன் என்னும் மூன்று பேரணிகளையும் செல்ற்றிக் வென்றது. அடுத்த பருவத்தில் லீக் வெற்றியும் ஸ்கொத்லாந்துக் கிண்ணமும் ஒருங்கே கிட்டின. 1914ஆம் ஆண்டுக்குப் பின் அக்கழகம் காணாத இரட்டை வெற்றி அது. அதற்குப் பரிசாகக் கழகத் தலைவர் தம் ஆட்டக்காரரை 1954ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியைக் காணச் சுவிற்சலாந்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஸ்கொத்லாந்து அணி உருகுவேயிடம் ஏழு கோல்களால், ஒன்றும் அடியாது, தோற்றது. மற்றையோர் உல்லாசப் பயணம் போனார்கள் என்று கொள்வோம். ஸ்டீன் பள்ளிக்கூடம் போனார். அடுத்த ஆண்டு ஓகஸ்ற் மாதம் ரேஞ்சேர்ஸ் அணியுடனான ஆட்டத்தில் அவரது கணுக்கால் கெட்டது. அது பின்னர் முற்றாகக் குணப்படவேயில்லை. 1957ஆம் ஆண்டு ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். வாழ்நாள் முழுதும் சற்றே காலைச் சாய்த்து நடந்தார்.

தமிழ் இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என இரண்டுண்டு. ஆடினான் என்பது தன்வினை. ஆட்டுவித்தான் என்பது பிறவினை. வகுப்பில் இவ்வேறுபாட்டைக் கற்பிக்குந்தோறும் எனக்கு ஸ்டீனின் நினைவு வருவதுண்டு. தன்வினை முடிந்த இடத்திற் பலர் வாழ்க்கையே முடிந்ததாக எண்ணிச் சோர்வர். அவர் அதே கழகத்தின் இளைஞர் அணியைப் பயிற்றத் தொடங்கினார். பத்தாண்டின் பின் ஐரோப்பாவை வென்ற அணியின் தலைவராகிய பில்லி மக்நீல் அன்று அவரிடம் பயின்ற இளைஞருள் ஒருவர். ஆயினும் அக்கழகத்தில் அவர் அதற்குமேல் உயர்வதற்கு வழியிருக்கவில்லை. அந்நாள்வரை செல்ற்றிக்குக்கு முகாமையாளராயிருந்தோர் மூவரே, மூவரும் கத்தோலிக்கர்.

1960ஆம் ஆண்டு மார்ச் மாதம் டன்பேர்ம்லின் என்னும் கழகம் அவரை முகாமையாளராக அழைத்தது. அவ்வணி நான்கு மாதமாக வெற்றி காணாது, இரண்டாம் பிரிவுக்கு இறங்கும் விளிம்பில் நின்றது. அவர் பொறுப்பேற்றபின் நடந்த முதல் ஆறு ஆட்டங்களிலும் அது வென்றது. அவற்றுள் முதலாவது செல்ற்றிக்குக்கு எதிரானது! அடுத்த ஆண்டு, 1961இல், ஸ்கொத்லாந்துக் கிண்ண இறுதியாட்டத்திலும் எதிரில் நின்றது செல்ற்றிக்கே. முதலாட்டம் கோலின்றிச் சமனாக, மறு ஆட்டத்தில் டன்பேர்ம்லின் இரண்டுக்குப் பூச்சியமாக வென்று தன் வரலாற்றின் முதற் கிண்ணத்தைக் கொண்டுசென்றது. 1962ஆம் ஆண்டில் ஸ்பானிய நாட்டு வலென்சியா அணியிடம் நான்கு கோல்களால் தோற்றுவந்த அதே பிள்ளைகள், தம்மூரில் நடந்த மறு ஆட்டத்தில் ஆறுக்கு இரண்டாக வென்று கணக்கைச் சமன் செய்தனர். முடிவு காணும் மூன்றாம் ஆட்டத்திற் பூச்சியத்துக்கு ஒன்றாகத் தோற்றனர். அம்மூன்றாம் ஆட்டம் நடந்த நகர் லிஸ்பன் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

மற்றொன்றும் நினைவில் வைக்கத் தக்கது. 1963ஆம் ஆண்டு ஸ்டீன் இத்தாலிக்குச் சென்று, இன்ரர் மிலான் கழகத்தின் பயிற்றுநர் ஹெலெனியோ ஹெரேராவின் பயிற்சி முறையைக் கூடநின்று கண்டார். கதவுக்குத் தாழிடுவதுபோற் பின்காப்பை இறுக்கி, ஒரு கோல் அடித்தபின் ஒன்றும் விடாது காப்பதே ஹெரேராவின் கலை. அக்காலத்தில் ஐரோப்பா முழுதும் அதனை வியந்தது. தாமே பின்காப்பாளராயிருந்த ஸ்டீன் அக்கலையிற் சொக்கிப்போயிருந்தால் எவரும் வியந்திரார். அவர் அங்கே கற்றுவந்தது பூட்டின் அமைப்பை. திறவுகோலைத் தம்மூரில் செய்துகொண்டார். இடையில் 1964ஆம் ஆண்டு ஹிபேர்ணியன் கழகத்துக்கு மாறி, சில மாதங்களுள் அதற்கு ஒரு கிண்ணம் பெற்றுக்கொடுத்தார். நட்பு ஆட்டமொன்றில் ரியல் மட்ரிட் அணியையும் இரண்டு கோல்களால் வென்றார்.

செல்ற்றிக்கோ 1957ஆம் ஆண்டின்பின் பெருங் கிண்ணமொன்றும் காணாது வாடியிருந்தது. கழகத் தலைவர் ஸ்டீனை மீண்டும் அழைத்தபோதும், முதலில் உதவியாளர் பதவியையும் பின்னர் இணை முகாமையாளர் பதவியையும் கூறிப் பார்த்தார். ஸ்டீன் இரண்டையும் மறுத்தார். அணியைத் தெரிவு செய்யும் முழு உரிமையும் தமக்கே வேண்டும் என்றார். அதுகாறும் அவ்வுரிமை பெரும்பாலும் தலைவரின் கையிலேயே இருந்தது. ஈற்றில் தலைவர் இசைந்தார். 1965ஆம் ஆண்டு மார்ச் மாதம், கத்தோலிக்கர் அல்லாத முதல் முகாமையாளராக ஸ்டீன் பதவியேற்றார். ஏழு வாரங்களுள், ஏப்பிரில் 24ஆந் திகதி, ஸ்கொத்லாந்துக் கிண்ணம் வந்து சேர்ந்தது. தோற்ற அணி, அவரே முன்னர் ஆக்கிவைத்த டன்பேர்ம்லின். மூன்றாவது கோலைத் தலையால் முட்டி அடித்தவர் மக்நீல்.

அவர் செய்த மாற்றத்தை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்குதல் தகும். அதற்கு முன் அங்கே பயிற்சி என்றாற் பந்தின்றி மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவதே. முகாமையாளரைப் பயிற்சிக் களத்திற் காண்பதே அரிது. ஸ்டீன் பயிற்சி உடையில் தாமே களத்தில் இறங்கினார். பந்தைக் கையிற் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார். புதிய ஆட்டக்காரரைப் பெருந்தொகை கொடுத்து வாங்குவதினும், இருந்தவர்களை அவரவர்க்குரிய இடத்தில் நிறுத்துவதே அவருடைய வேலையாயிற்று. முன்னணியில் நின்று சிறவாத பொபி மேர்டொக்கை இடையணிக்கு மாற்றினார். அவர் அணியின் அச்சாணியாயினார். பந்துக்காப்பாளர் ரொனி சிம்சனின் கதை சுவையானது. ஹிபேர்ணியனில் இருந்தபோது இவரை வேண்டாமென்று செல்ற்றிக்குக்கு விற்றவரே ஸ்டீன். இப்போது அவரே செல்ற்றிக்குக்கு வந்ததைக் கேட்டதும், இனி நாம் மூட்டை கட்டவேண்டியதுதான் எனச் சிம்சன் மனைவியாரிடம் கூறினார் என்பர். மூட்டை கட்ட நேரவில்லை. ஸ்டீன் தம் பழைய மதிப்பீட்டைத் தாமே அழித்து எழுதினார். சிம்சன் முதலணியின் காவலராகி, முப்பத்தாறாம் வயதில், 1967ஆம் ஆண்டு, தேசிய அணிக்கும் முதன்முறையாக ஆடினார். பிள்ளையொருவனைப் பற்றி எழுதிவைத்த குறிப்பைத் திருத்தி எழுத எத்துணை ஆசிரியர்க்கு மனம் வருகின்றது?

1967ஆம் ஆண்டு மே மாதம் 25ஆந் திகதி லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. எதிரில் நின்றது ஹெரேராவின் இன்ரர். 1964, 1965 ஆகிய ஈராண்டுகளிலும் அக்கிண்ணத்தை வென்ற அணி. செல்ற்றிக்கின் பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைல் எல்லைக்குள் பிறந்தவர்கள். கூப்பிடு தூரத்துப் பிள்ளைகள் என்று நம்மூரிற் சொல்லுவோமே, அத்தகையவர்கள். ஆட்டத்தின் படத்தை இன்று கணினியில் எவரும் காணலாம். யானும் பலமுறை கண்டிருக்கின்றேன். ஏழாம் நிமிடத்தில் ஜிம் கிறெய்க் எதிரணி ஆட்டக்காரரைத் தடுத்து வீழ்த்த, தண்ட உதையால் மசோலா கோல் அடித்தார். தாழ் விழுந்துவிட்டது, இனி இத்தாலியர் திறக்கமாட்டார் என்றே கண்டோர் எண்ணியிருப்பர்.

அதன்பின் நடந்தது வேறு. பச்சை வெள்ளை வரிச்சட்டைகள் அலைமேல் அலையாக வந்துகொண்டேயிருந்தன. பந்து இருமுறை கோற்கம்பத்தின் மேற்சட்டத்தில் மோதி மீண்டது. இன்ரரின் காவலர் சார்ட்டி பாய்ந்து பாய்ந்து தடுத்தார். அறுபத்துமூன்றாம் நிமிடத்தில், தண்ட உதைக்குக் காரணராயிருந்த அதே கிறெய்க் வலப்புறமிருந்து பந்தைக் கொடுக்க, இடப்புறப் பின்காப்பாளர் ரொமி ஜெமெல் ஓடிவந்து தொலைவிலிருந்தே உதைத்தார். பந்து வலையினுள் இருந்தது. கொடுத்தவர் பின்காப்பாளர், அடித்தவரும் பின்காப்பாளர்! ஒரு புறத்தவர் முன்னே போனால் மறுபுறத்தவர் பின்னே நிற்றல் வேண்டும் என்பது ஸ்டீனின் கட்டளை. அன்று அக்கட்டளையை மீறியே தாம் அங்கு ஓடியதாக ஜெமெல் பின்னாளிற் கூறியுள்ளார். கட்டளையிட்டவர் தண்டித்ததாகச் செய்தி இல்லை. ஆட்டம் முடிய ஐந்தாறு நிமிடங்களே இருக்க, மேர்டொக் உதைத்த பந்தைச் சாமேர்ஸ் திசைதிருப்பி வெற்றிக் கோலை அடித்தார். அவ்வகை ஆட்டத்தைப் பயிற்சிக் களத்தில் நாள்தோறும் பழகியிருந்தனர். மக்கள் வெள்ளம் மைதானத்தை மூடியதால் மக்நீல் தனியே படியேறிச் சென்று கிண்ணத்தைப் பெற்றார். அந்தப் பருவத்தில் அவ்வணி புகுந்த போட்டிகள் ஐந்து, ஐந்தையும் வென்றது. வென்றது மட்டிற் பெரிதன்று, அழகாக ஆடி வென்றோமே என்பதிலேதான் ஸ்டீன் பெருமிதம் கொண்டார்.

மாணவரின் மனமறிந்து நடந்தார் என்பதற்கு ஒரு செய்தி. ஜிம்மி ஜோன்ஸ்ரன் என்னும் சிறிய உருவினர் வலப்புற ஓரத்தில் ஆடியவர். பந்து அவர் காலிற் பசைபோல் ஒட்டும். வானூர்தி என்றால் நடுங்குபவர். 1968ஆம் ஆண்டு நவம்பரில் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்ரார் அணியுடன் கிளாஸ்கோவில் ஆட்டம். இடைவேளையில் ஒன்றுக்கொன்று சமன். நான்கு கோல் வித்தியாசத்தில் வென்றால் மறு ஆட்டத்துக்கு நீ பறக்கவேண்டாம் என்று ஸ்டீன் அவர் காதில் ஓதினார். இரண்டாம் பாதியில் ஜோன்ஸ்ரன் பேய்பிடித்தவர்போல் ஆடி, தாம் இரண்டு கோல் அடித்துப் பிறரையும் அடிக்கச் செய்தார். முடிவு ஐந்துக்கு ஒன்று. வாக்குக் கொடுத்தபடியே அவர் ஊரில் விடப்பட்டார். மது அருந்தாதவரான ஸ்டீன் அதே ஜோன்ஸ்ரனைத் தேடி இரவில் மதுச்சாலைகளுக்குத் தொலைபேசி எடுப்பார் எனவும் கதைகள் உண்டு. அன்பும் கண்டிப்பும் ஓரிடத்தில் இருந்தன.

நன்னூலார் நல்லாசிரியர்க்குக் கூறிய உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. அதனை நினைக்குந்தோறும் ஸ்டீனின் வாழ்வில் மூன்று செய்திகள் என் முன் நிற்கும். திறமையொத்த இருவர், ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புரட்டஸ்தாந்தர் எனில் தாம் முதலிற் சேர்ப்பது புரட்டஸ்தாந்தரையே என அவர் கூறியதாக வழங்கும். கத்தோலிக்கரை ரேஞ்சேர்ஸ் எப்படியும் சேர்க்காது. ஆதலின் அவர் எங்கும் போகமாட்டார்! நகைச்சுவையும் சூழ்ச்சியும் கலந்த இப்பேச்சில் அந்நகரின் வெட்கமும் அடங்கியிருக்கின்றது. அவர் வளர்த்த கெனி டல்கிளிசும் டனி மக்கிறெயினும் புரட்டஸ்தாந்தரே. இரண்டாவது, 1971ஆம் ஆண்டு ஜனவரி 2ஆந் திகதி, ரேஞ்சேர்ஸ் மைதானத்தில் அவ்விரு கழகங்களின் ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறுகையில், படிக்கட்டொன்றில் நெரிபட்டு 66 பேர் மாண்டனர். ஸ்டீன் காயமுற்றோர்க்கு உதவி நின்றார். இத்துயரமாவது இரு சாராரின் காழ்ப்பை அடக்கட்டும் எனப் பின்னர் எழுதினார். மூன்றாவது, 1972ஆம் ஆண்டு ஸ்ரேலிங் நகரில் நடந்த ஆட்டமொன்றில் தம் இரசிகர் வெறுப்பூட்டும் பாட்டுக்களைப் பாடக் கேட்டு, ஆட்டக் களத்தை விட்டு அக்கூட்டத்தினுள்ளேயே நுழைந்து நிறுத்துமாறு அதட்டினார். எதிரணியாரைக் கண்டிக்க யாரும் முன்வருவர். தம் சம்பளத்துக்குக் காசு கொடுத்து வாயிலிற் சீட்டு வாங்கியவர்களை அவர் கண்டித்தார்.

குறையற்றவர் என்று சொல்ல வரவில்லை. 1970ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் அணியை வென்று மீண்டும் ஐரோப்பிய இறுதியாட்டத்துக்குப் போனபோது, ஒல்லாந்தின் பெயநூர்ட் அணியை அவர் குறைத்து மதிப்பிட்டார் என்பது பலர் கருத்து. படத்தைக் கண்டால் எனக்கும் அப்படியே தோன்றுகின்றது. மிலான் நகரில் மேலதிக நேரத்தின் இறுதியில் இரண்டுக்கு ஒன்றாகத் தோற்றனர். பந்துக்காப்பாளர் எவரையும் அவர் முழுமையாக நம்பியதில்லை. பின்காப்பாளராயிருந்து பெற்ற பழைய வடு போலும். பேசுமுன் அஞ்சி நின்ற ஆட்டக்காரர் பலர். எனினும் 1966 முதல் 1974 வரை ஒன்பது ஆண்டுகள் இடையறாது லீக் வெற்றி பெற்ற அணியை வேறு எவ்வகையில் விழிப்புடன் வைத்திருத்தல் கூடும் என்பதும் எண்ணத்தக்கது.

1975ஆம் ஆண்டு ஜூலை மாதம் விடுமுறையிலிருந்து திரும்பும் வழியில் அவரது கார் மோதுண்டு, உயிர் பிழைத்ததே அரிதாயிற்று. ஓராண்டு ஓய்வின் பின் மீண்டு வந்து 1977இல் இரட்டை வெற்றி தந்தார். அவ்வாண்டே டல்கிளிஸ் லிவர்பூலுக்கு 440,000 பவுணுக்கு விற்கப்பட்டார். அடுத்த பருவம் வீழ்ச்சி. 1978ஆம் ஆண்டு அவரிடத்துக்கு அவர் மாணவர் மக்நீல் வந்தார். பத்து லீக் வெற்றிகளையும் எட்டு ஸ்கொத்லாந்துக் கிண்ணங்களையும் ஆறு லீக் கிண்ணங்களையும் ஐரோப்பியக் கிண்ணத்தையும் தந்தவருக்குக் கழகத்தின் பணந்திரட்டும் பகுதியைப் பார்க்கும் ஓர் இயக்குநர் பதவி காட்டப்பட்டது. பயிற்சிக் களத்தில் வாழ்ந்தவரைச் சீட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்வது என்ன நன்றியோ, யானறியேன். அவர் ஏற்கவில்லை. லீட்ஸ் கழகத்தில் ஏழு வாரங்கூட இருக்கவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபரிலே தாய்நாட்டின் தேசிய அணியைப் பொறுப்பேற்றார்.

தம் கால்களுக்குக் கிட்டாத தேசியச் சட்டை இவ்வாறு வேறு வழியாக அவரிடம் வந்தது. 1982ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் நியூசீலாந்தை வென்று, பிரேசிலிடம் தோற்று, சோவியத் அணியுடன் சமன் செய்து, கோல் வித்தியாசத்தால் மட்டும் வெளியேறினர். அடுத்த உலகக் கிண்ணத்துக்கான தகுதியாட்டம் 1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் 10ஆந் திகதி வேல்ஸ் நாட்டுக் கார்டிவ் நகரில் நடந்தது. தோல்வி தவிர்த்தால் வழி திறக்கும். ஸ்டீனுக்கு வயது அறுபத்திரண்டு, இதயநோய் இருந்தது, உடன் இருந்தோர் அவர் முகத்தில் வேர்வையும் வெளிறலும் கண்டனர். பதின்மூன்றாம் நிமிடத்தில் வேல்ஸ் கோல் அடித்தது. இடைவேளையில், பந்துக்காப்பாளர் லெய்ற்றன் கண்வில்லையைத் தொலைத்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அவர் கண்வில்லை அணிபவர் என்பதையே ஸ்டீன் அன்றுதான் அறிந்தார். மாற்றுக் காவலரை இறக்கினார். அறுபது நிமிடங்கள் கழிந்தபின் டேவி கூப்பரைக் களத்துக்கு அனுப்பினார். எண்பத்தோராம் நிமிடத்தில் தண்ட உதை கிடைக்க, அதே கூப்பர் அடித்தார், ஒன்றுக்கொன்று.

முடிவு நெருங்குகையில் நடுவர் ஊதிய ஊதலை இறுதி ஊதல் என எண்ணி, எதிரணி முகாமையாளரிடம் கைகொடுக்க ஸ்டீன் எழுந்தார்; எழுந்தவர் சாய்ந்தார். தாங்கியவர்கள் அவரை உள்ளே கொண்டுசென்றனர். ஆட்டம் தொடர்ந்து நடந்து, சமனாகவே முடிந்தது. மைதானத்தின் மருத்துவ அறையில் அவர் உயிர் பிரிந்தது. வெற்றிக் களிப்புடன் வெளியே காத்திருந்த ஸ்கொத்லாந்து மக்களிடையே செய்தி பரவ, பாட்டு நின்றது. அவருக்கு உதவியாளராய் அன்று அருகிலிருந்த அலெக்ஸ் பேர்குசன் அணியைப் பொறுப்பேற்று, அவுஸ்திரேலியாவை வென்று, 1986ஆம் ஆண்டு மெக்சிக்கோவுக்கு அழைத்துச் சென்றார்.